வீக்கெண்ட்ல அங்கோர் வாட் முடியுமா? அப்பா அம்மாவை கூட்டிட்டு போறவங்களுக்கு ஒரு நீளமான பதில்

கேள்வி சுருக்கமா இதுதான். சிங்கப்பூர்ல வேலை, ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பணும், கம்போடியா போய் அங்கோர் வாட் பாத்துட்டு வர முடியுமா, அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பா சுத்த சைவம், அப்புறம் கடைசியா "அது நம்ம தமிழ் ராஜா கட்டினதுதானே?"

முடியும். ரெண்டு முழு நாள் கையில இருந்தா உருப்படியாவே பாக்கலாம். ஆனா எல்லாத்தையும் பாத்துடணும்ங்கிற ஆசையை சாங்கி ஏர்போர்ட்லயே விட்டுட்டு பிளைட் ஏறுங்க. ஏன்னா அங்கோர்ங்கிறது ஒரு கோவில் இல்ல, காட்டுக்குள்ள பரந்து கெடக்குற ஒரு பழைய தலைநகரம், சின்ன சுத்து 17 கிலோமீட்டர், பெரிய சுத்து 26 கிலோமீட்டர்னு டுக்டுக்காரங்க ரெண்டு ரூட் வச்சிருக்காங்க, ரெண்டையும் ரெண்டு நாள்ல அடிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. கும்பகோணத்துல காலைல வேன் ஏறி ஒரே நாள்ல ஒன்பது நவக்கிரக கோவிலையும் முடிக்கிற டூர் மாதிரிதான் அது, சாயங்காலம் கேட்டா எந்த கோவில்ல என்ன பாத்தோம்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. நாலே நாலு இடம் எடுத்துக்கோங்க: பான்டே ஸ்ரே, அங்கோர் வாட், பேயோன், தா ப்ரோம். நாலாவது கூட அம்மாவால முடிஞ்சாதான்.

முதல்ல பேப்பர் வேலை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு கம்போடியா விசா வேணும், சுற்றுலா விசா 30 டாலர், ஆன்லைன்லயும் எடுக்கலாம், ஏர்போர்ட்ல இறங்கியும் எடுக்கலாம். ஆன்லைன்ல எடுக்கறதா இருந்தா அரசாங்க தளம்தானானு ரெண்டு தடவை பாருங்க, தேடினா மேல வர்ற பாதி தளங்கள் நடுவுல நின்னு காசு புடுங்குற ஆளுங்களோடது. அதைவிட முக்கியமா, நிறைய பேர் மறக்குற விஷயம், அப்பா அம்மாவோட சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா, திரும்பி வர்ற தேதி வரைக்கும் செல்லுமானு பாத்துட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க. இல்லன்னா ஞாயிறு ராத்திரி சியம் ரீப் (அங்கோருக்கு பக்கத்து டவுன்) ஏர்போர்ட் கவுன்டர்ல நின்னு அழ வேண்டியதுதான்.

ஏர்போர்ட்னதும் ஞாபகம் வருது, பழைய கட்டுரைகள்ல "ஏர்போர்ட்ல இருந்து டவுனுக்கு பதினஞ்சு நிமிஷம்"னு போட்டிருப்பாங்க, அதை நம்பாதீங்க. 2023 அக்டோபர்ல புது ஏர்போர்ட் திறந்து பழசை மூடிட்டாங்க, புதுசு டவுனுக்கு கிழக்கால 40 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம்னு கணக்குல வச்சுக்கோங்க. ரெண்டு நாள் டிரிப்ல இது சின்ன விஷயம் இல்ல. தாய்லாந்து பக்கமா பஸ்ல போயிடலாம்னு யாராவது ஐடியா குடுத்தா காதுல வாங்காதீங்க, 2025 ஜூலைல ரெண்டு நாட்டுக்கும் எல்லையில சண்டை வெடிச்சு தரைவழி எல்லையை மூடினாங்க, அப்பா அம்மாவை வச்சுகிட்டு அந்த ரிஸ்க் எதுக்கு, பிளைட்தான் நல்லது.

நுழைவு டிக்கெட் ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. ரெண்டு நாளைக்குனு தனியா ஒண்ணு கிடையாது. ரெண்டு தடவை ஒருநாள் டிக்கெட் வாங்கினா 74 ஆகுது, அதனால மூணு நாள் டிக்கெட்டே வாங்குங்க, ஒருநாள் வீணாப் போனாலும் லாபம்தான். ஆளுக்கு 62 டாலர்ங்கிறது நம்ம காசுக்கு வலிக்கும்தான், தஞ்சாவூர் பெரிய கோவிலுக்கு காசே இல்லாம போய்ட்டு வந்த நமக்கு இது அநியாயமாத் தெரியும், ஆனா ஒவ்வொரு டிக்கெட்லயும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகுது, அங்க புள்ளைங்களுக்கு வைத்தியம் இலவசம். டிக்கெட்ல உங்க போட்டோ இருக்கும், ஒவ்வொரு கோவில் வாசல்லயும் கேப்பாங்க, தொலைச்சுடாதீங்க.

டுக்டுக் பத்தி அம்மா பயப்பட வேண்டாம். நம்ம ஊர் ஆட்டோ மாதிரி இல்ல, பைக்குக்கு பின்னால ஒரு சின்ன வண்டியை கோத்திருப்பாங்க, எதிரும் புதிருமா நாலு பேர் காலை நீட்டி உக்காரலாம், நாலு பக்கமும் காத்து. சின்ன சுத்துக்கு ஒரு நாளைக்கு 15ல இருந்து 20 டாலர் வரைக்கும் கேப்பாங்க, பான்டே ஸ்ரேவுக்கு தூரம்கிறதால தனியா சேத்து கேப்பாங்க, அது நியாயம்தான். முதல் நாள் நல்லா ஓட்டினா ரெண்டாவது நாளுக்கும் அதே ஆளை வச்சுக்கோங்க, வெயில்ல இறங்கி ஏறும்போது ஐஸ் பொட்டில இருந்து தண்ணி பாட்டில் எடுத்து குடுக்குற டிரைவர் அமைஞ்சா விடவே விடாதீங்க. மூட்டுவலி அதிகம்னா ஏசி கார் எடுங்க, கௌரவம் பாக்காதீங்க.

இப்ப அந்த "தமிழ் ராஜா" விஷயம். வாட்ஸ்அப்ல வருஷா வருஷம் சுத்துற பார்வர்டு அது. அங்கோர் வாட்டை கட்டினது இரண்டாம் சூர்யவர்மன், 12ம் நூற்றாண்டு முதல் பாதி, அவன் கெமர் அரசன், கம்போடியாக்காரன். சோழனும் இல்ல பல்லவனும் இல்ல. மகேந்திரவர்மன் நரசிம்மவர்மன்னு பல்லவங்க பேரு இருக்குறதால சூர்யவர்மனையும் நம்ம கணக்குல சேத்துட்டாங்க, அவ்வளவுதான் ஆதாரம். அங்க ஒரு கைடு கிட்ட போய் "இது எங்க ஆளு கட்டினது"னு சொல்லிப் பாருங்க, சிரிச்சுகிட்டே தலையாட்டுவாரு, மனசுக்குள்ள என்ன நினைப்பாருனு யோசிங்க. அந்த நாட்டுக் கொடில நடுவுல இருக்குறதே அந்த கோவில்தான், அவங்களுக்கு அது அவ்வளவு பெருசு.

தொடர்பே இல்லையானா, இருக்கு, அது இந்த பொய்யைவிட சுவாரசியமானது. கெமர் எழுத்து தென்னிந்திய பல்லவர் காலத்து எழுத்து வழியா வந்தது. காம்போஜ அரசன், அதாவது கம்போடியா ராஜா, ராஜேந்திர சோழனோட நட்பை வேண்டி ஒரு தேரை அனுப்பினான்னு கரந்தைச் செப்பேடு சொல்லுது, அது முதலாம் சூர்யவர்மன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, அங்கோர் வாட் கட்டினவனுக்கு நூறு வருஷம் முந்தின ஆளு. குலோத்துங்க சோழன் காலத்துல காம்போஜ அரசன் காட்சியா குடுத்த ஒரு கல்லை சிதம்பரம் கோவில்ல பதிச்சாங்கன்னு அங்கயே கல்வெட்டு இருக்கு. ஆக ரெண்டு பெரிய அரசுங்க ஒண்ணையொண்ணு தெரிஞ்சு வச்சிருந்து மரியாதை பண்ணிகிட்டாங்க, அதுல எதுக்கு ஒருத்தனை இன்னொருத்தனுக்கு கீழ போடணும்? எல்லாத்தையும் விட எனக்கு பெருசா படுற தொடர்பு பான்டே ஸ்ரேல இருக்கு, அதுக்குத்தான் அந்த கோவிலை லிஸ்ட்ல முதல்ல போட்டேன்.

சனிக்கிழமை காலைல நேரா அங்கதான் போகணும். எல்லாரும் விடியக்காலைல நாலரை மணிக்கு எழுந்து அங்கோர் வாட் சூரிய உதயம் பாக்க ஓடுவாங்க, குளத்தங்கரைல ஆயிரம் பேர் போனை தூக்கிகிட்டு நிப்பாங்க, மேகமா இருந்தா ஒண்ணும் தெரியாது, அம்மா அப்பாவை அந்த இருட்டுல அந்த கூட்டத்துல நிக்க வைக்கிறது வேண்டாத வேலை. நீங்க ஆறரைக்கு இட்லி இல்லாத நாஷ்டாவை முடிச்சுட்டு வண்டில ஏறுங்க. டவுன்ல இருந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர் கிட்ட வரும், ஒரு மணி நேரப் பயணம், அதுவே பாதி சுகம். ரெண்டு பக்கமும் வயல், வயலுக்கு நடுவுல நடுவுல பனை. நம்ம பனையேதான், அதே மரம், கம்போடியாவோட தேசிய மரமே அதுதான். வழியில ப்ரே டாக்னு ஒரு ஊர், ரோட்டோரம் பெரிய இரும்புச் சட்டில பதநீரை காய்ச்சிகிட்டு இருப்பாங்க, அந்த வாசனை வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லுவாரு பாருங்க. சின்ன வட்டமா வார்த்து பனை ஓலைல சுருட்டி விக்கிறாங்க, நம்ம கருப்பட்டியை விட நிறம் வெளுப்பு, கொஞ்சம் மெதுவா இருக்கும், வாயில போட்டா கரையும். திரும்பி வரும்போது வாங்குங்க, போகும்போது வாங்கினா வெயில்ல உருகி ஒட்டிக்கும்.

பான்டே ஸ்ரே கி.பி. 967ல பிரதிஷ்டை ஆன சிவன் கோவில். ராஜா கட்டினது கூட இல்ல, யக்ஞவராகன்னு ராஜகுருவா இருந்தவர் கட்டினது. அளவுல ரொம்ப சின்னது, நடு விமானமே பத்து மீட்டர்தான் இருக்கும், கருவறை வாசல்ல குனிஞ்சுதான் நுழைய முடியும் போல இருக்கும், அதனால அம்மாவுக்கு படி ஏறுற தொல்லை இல்ல, வாசற்படி சிலதை தாண்டினா போதும். இளஞ்சிவப்பு மணற்கல், அதுல மரத்துல செதுக்கின மாதிரி ஆழமா குடைஞ்சு வேலை பண்ணியிருக்காங்க. காலைல எட்டு மணி வெயில் சாஞ்சு விழும்போது அந்த கொடி, பூ, மிருக முகம் எல்லாம் கல்லை விட்டு எந்திரிச்சு நிக்கும், பத்து மணிக்கு மேல வெயில் உச்சிக்கு வந்துட்டா எல்லாம் தட்டையாயிடும், கூடவே டூர் பஸ்ஸும் வந்துடும். அதனாலதான் காலைல போகச் சொல்றேன்.

உள் சுற்றுக்குள்ள விடமாட்டாங்க, கயிறு கட்டியிருக்கும், பரவாயில்ல, பாக்க வேண்டியது வாசல் முகப்புகள்லயே இருக்கு. தெற்குப் பக்கம் நூலகம்னு சொல்ற சின்ன கட்டடத்தோட கிழக்கு முகப்புல ராவணன் கைலாசத்தை ஆட்டுறான், மலையை படிப்படியா அடுக்கின மேடை மாதிரி செதுக்கி மேல சிவனும் அவரை பயந்து கட்டிப் பிடிச்சுகிட்டு உமையும், கீழ்ப்படியில மிருகங்கள் பதறி ஓடுது, அடியில பத்துத் தலையோட அந்த ஆளு. அதே கட்டடத்தோட மேற்கு முகப்புல மன்மதன் கரும்பு வில்லோட சிவனை குறி வைக்கிறான். வடக்கு நூலகத்துல கிருஷ்ணன் கம்சனை முடிய பிடிச்சு இழுக்குறான். வெள்ளைக்காரங்க கைடு புக்கை புரட்டிப் புரட்டி யாரு என்னன்னு படிச்சுகிட்டு இருப்பாங்க, உங்க அம்மா ஒரு பார்வைல சொல்லிடுவாங்க. இதுக்காகத்தான் அப்பா அம்மாவோட போறது ஒரு வகைல நல்லதுனு சொல்றேன், கதை தெரிஞ்ச கண்ணுக்கு அங்க கைடே வேண்டாம்.

இப்ப அந்த தொடர்பு. உள்சுற்றுக்கு போற கிழக்கு கோபுர வாசலுக்கு மேல முகப்பைப் பாருங்க, பல கைகளோட சிவன் ஆடுறாரு. அவரு காலடியில ஒரு ஓரமா ஒரு உருவம் உக்காந்திருக்கும், எலும்பும் தோலுமா, மார்பு வத்தித் தொங்கி, ஒரு வயசான பொம்பளை. சுத்தி இருக்குற தேவதைங்க எல்லாம் அழகு அழகா இருக்க இது மட்டும் ஏன் இப்படினு தோணும். அது நம்ம காரைக்கால் அம்மையார்னு அறிஞர்கள் அடையாளம் சொல்றாங்க. அழகை வேண்டாம்னு சொல்லி பேய் வடிவம் வாங்கி, ஆடுற இறைவன் காலடியில இருக்கணும்னு கேட்ட அம்மையார், தன்னைப் பத்தி தானே பாட்டுல எப்படி வர்ணிச்சாங்களோ அதே வத்தின உடம்போட, கடல் கடந்து ஒரு கெமர் சிற்பி கையால கல்லுல உக்காந்திருக்காங்க. வேற சில கெமர் கோவில்கள்லயும் இந்த உருவம் வருது. ராஜா படையெடுத்து போய் பண்ணின வேலை இல்ல இது, ஒரு பக்தை கதை யாரோ வியாபாரியோ பிராமணரோ சைவத் துறவியோ வாய் வழியா போய் சேந்திருக்கணும். வாட்ஸ்அப் பார்வர்டு இதைச் சொன்னா எவ்வளவு நல்லா இருக்கும்.

ஒரு சின்ன துணுக்கு. 1923ல ஆந்த்ரே மால்ரோன்னு ஒரு பிரெஞ்சு வாலிபர், பின்னாடி பெரிய எழுத்தாளராகி பிரான்ஸோட கலாச்சார மந்திரியே ஆனவரு, இந்த கோவில் தேவதை சிலைகளை பேத்து எடுத்துட்டு போய் மாட்டிகிட்டாரு. சிலைங்களை மீட்டுட்டாங்க. அந்த பரபரப்புலதான் இந்த கோவில் மேல கவனமே விழுந்துச்சு, 1930கள்ல கல்லு கல்லா பிரிச்சு அடுக்கி சரி பண்ணினாங்க. வாசல்ல உக்காந்திருக்குற குரங்கு முக, சிங்க முக காவலாளிங்க இப்ப நகல்தான், அசல் மியூசியத்துல பத்திரமா இருக்கு.

பதினோரு மணிக்குள்ள டவுனுக்கு திரும்பிடுங்க, சாப்பிடுங்க, தூங்குங்க. உண்மையாத்தான் சொல்றேன், பன்னண்டுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் அங்க வெளியில திரியக்கூடாது, நம்ம ஊர் வெயிலைவிட சூடு பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா புழுக்கம் ஆளை உருக்கிடும். அப்பா சாப்பாடு விஷயம்: பப் ஸ்ட்ரீட் பக்கத்துல இந்தியன் ரெஸ்டாரன்ட் இருக்கு, தென்னிந்திய சாப்பாடும் தேடினா கிடைக்கும், ருசிக்கு நான் கேரண்டி இல்ல. கெமர் கடையில "வெஜிடேரியன்"னு சொன்னா கறியை மட்டும் எடுத்துட்டு மீன் சாஸை ஊத்திக் குடுத்துடுவாங்க, ப்ராஹோக்னு ஒண்ணு இருக்கு, ஊற வச்ச மீன் விழுது, நம்ம கருவாட்டு வாசனைக்கு அண்ணன், அது எதுல இருக்கும்னு சொல்லவே முடியாது, அதனால அப்பாவுக்கு இந்தியக் கடைதான் சரி. உங்களுக்கு அசைவம் ஓகேன்னா அமோக் சாப்பிடுங்க, தேங்காப்பால்ல மசாலா போட்டு மீனை வாழை இலைல வச்சு அவிச்சது.

ரெண்டரை மணி வாக்குல அங்கோர் வாட் கிளம்புங்க. இந்த கோவில் மேற்கு பாத்தது, அதனால சாயங்கால வெயில்தான் முகப்புல நேரா விழும், காலைல போறவங்களுக்கு கோவில் கருப்பு நிழலாத்தான் தெரியும். அகழியோட சேத்து 400 ஏக்கருக்கு மேல, அகழி அகலம் மட்டும் 190 மீட்டர், அதைத் தாண்டி வாசல், வாசலுக்கு அப்புறம் நிழலே இல்லாத 350 மீட்டர் கல்பாதை. அம்மாவை அந்த பாதையில மெதுவா கூட்டிட்டு போங்க, குடை எடுத்துக்கோங்க. மேற்கு வாசல் உள்ள எட்டுக் கையோட ஒரு பெரிய விஷ்ணு நிக்கிறாரு, காவி துணி சுத்தி ஊதுபத்தி ஏத்தி உள்ளூர் சனங்க இன்னும் கும்பிடுறாங்க, நாடு பௌத்தமா மாறி பல நூறு வருஷம் ஆனாலும். செருப்பை கழட்டிட்டு ஒரு கும்பிடு போட்டுட்டு போங்க.

மேல நடு கோபுரத்துக்கு ஏறணுமானு கேட்டா, அம்மா வேண்டாம், நீங்க வேணா ஏறுங்க. கல்படி நெட்டுக்குத்தா இருக்கும், இப்ப அது மேல மரப்படி கைப்பிடி போட்டிருக்காங்க, இருந்தும் செங்குத்துதான். தோளும் முட்டியும் மூடியிருக்கணும், வரிசை இருக்கும், பௌத்த விரத நாட்கள்ல அந்த மேல்தளம் மூடியிருக்கும். அதுல ஏறாததால ஒண்ணும் குடி முழுகாது. இந்த கோவிலோட உயிர் கீழ்ச் சுற்றுல, அந்த சுவர்ல இருக்கு. தரை சமதளம், மேல கூரை, நிழல், உக்கார திட்டு, அம்மாவுக்கு இதைவிட சௌகரியம் கிடையாது.

வாசல்ல நுழைஞ்சதும் வலது பக்கம் திரும்புங்க, அதாவது கோவில் உங்க இடது கைப்பக்கம் இருக்கணும். அம்மா உடனே சொல்லுவாங்க, "இது அப்பிரதட்சணமாச்சே"ன்னு. சரியா சொன்னாங்க! சிற்பங்களோட வரிசையே அப்படித்தான் ஓடுது, மேற்கு பாத்த வாசலையும் இதையும் சேத்து வச்சுதான் இது ராஜாவோட ஈமச் சடங்கு சம்பந்தப்பட்ட கோவிலா இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாளா பேசிகிட்டு இருக்காங்க. செத்ததுக்கப்புறம் அவனுக்கு வச்ச பேரு பரமவிஷ்ணுலோகன்.

முதல் சுவர் குருக்ஷேத்திரம். இடப்பக்கம் இருந்து கௌரவங்க, வலப்பக்கம் இருந்து பாண்டவங்க, ஓரத்துல ஒழுங்கா அணிவகுத்து வர்ற ஆளுங்க நடுவுல வர வர கைகலப்பாகி ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து யானை தேர் குதிரை எல்லாம் ஒரே சிக்கல். இடப்பக்கம் மேல பாருங்க, உடம்பு பூரா அம்போட பீஷ்மர் படுத்திருக்காரு. நாலு கை கிருஷ்ணன் தேரோட்ட அர்ஜுனனும் வர்றான். நூத்தாண்டு நூத்தாண்டா ஜனங்க கை பட்டு பட்டு சில இடம் கருப்பா பளபளன்னு மெழுகு போட்ட மாதிரி இருக்கும், நீங்க தொடாதீங்க, கை எண்ணெய்தான் அந்த கல்லுக்கு எமன்.

தெற்குப் பக்கம் திரும்பினா சூர்யவர்மனே குடைங்களுக்கு நடுவுல உக்காந்திருக்கான், அவனோட படை ஊர்வலம் போகுது. அதுல சியாம் (இன்னைக்கு தாய்லாந்து) வீரர்கள்னு பக்கத்துலயே எழுதி ஒரு கூட்டம், மத்தவங்க நேரா நடக்க இவங்க மட்டும் அங்கயும் இங்கயும் பாத்துகிட்டு கலைஞ்சு போறாங்க, பக்கத்து நாட்டுக்காரனை கிண்டல் பண்றது 900 வருஷப் பழக்கம் போல. அடுத்தது சொர்க்கம் நரகம். எருமை மேல பல கைகளோட எமன், பக்கத்துல சித்திரகுப்தன், 37 சொர்க்கம், 32 நரகம். சொர்க்கத்துல எல்லாரும் ஒரே மாதிரி உக்காந்திருப்பாங்க, பாக்க போரடிக்கும். நரகத்துலதான் சிற்பி ஆசை தீர வேலை செஞ்சிருக்கான், மூக்குல கயிறு கோத்து இழுத்துட்டு போறது, உடம்பு பூரா ஆணி அடிக்கிறது, என்னென்ன தப்புக்கு எந்த நரகம்னு கீழ எழுதியும் வச்சிருக்காங்க.

கிழக்குச் சுவர்தான் எல்லாரும் தேடி வர்றது, பாற்கடல் கடையறது, கிட்டத்தட்ட 50 மீட்டர் நீளம் ஒரே காட்சி. இடப்பக்கம் 92 அசுரர், வலப்பக்கம் 88 தேவர், நடுவுல விஷ்ணு, அவருக்கு கீழ ஆமை, வாசுகி பாம்பை எல்லாரும் ஒரே தாளத்துல இழுக்குறாங்க. கொஞ்ச நேரம் நடு மத்துக்கு நேரா நின்னு கீழ கடலை மட்டும் பாருங்க. ஓரத்துல மீனு, முதலை எல்லாம் முழுசா நீந்துது, மத்துகிட்ட வர வர அலை வேகத்துல மீனுங்க ரெண்டா துண்டாகி கெடக்குது. மேல சாமிங்க வேலை நடக்க கீழ யாருக்கும் சம்பந்தமில்லாத மீனு சாகுதேன்னு யோசிச்சு ஒருத்தன் உளியெடுத்து செதுக்கியிருக்கான் பாருங்க, அதை பாக்காம அந்த கோவிலை விட்டு வராதீங்க.

வடக்குப் பக்கம் வேகமா நடந்து போயிடலாம். 16ம் நூற்றாண்டுல பிற்காலத்து ஆளுங்க செதுக்கினது, கை அவ்வளவு சுத்தம் இல்ல, பக்கத்துல இருக்குற பழசோட ஒப்பிட்டா யாருக்குமே தெரியும். மறுபடி மேற்கு திரும்பினா கடைசிச் சுவர் இலங்கைப் போர், அனுமான் தோள் மேல ராமன், பக்கத்துல லட்சுமணனும் விபீஷணனும், எதிர்ல இருபது கையோட ராவணன், சுத்தி குரங்குங்க அரக்கனுங்களை கடிச்சு குதறுது. அதுக்குள்ள அஞ்சு மணியாகி வெயில் தூணுங்களுக்கு நடுவால சரியா அந்த சுவர் மேல சாயும். இந்த நேரக் கணக்குக்குத்தான் மதியம் கிளம்பச் சொன்னேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு அங்கோர் தோம். ஏழாம் ஜெயவர்மன், 1181ல பட்டத்துக்கு வந்தவன், பௌத்தன், நாலு பக்கமும் மூணு மூணு கிலோமீட்டர் மதில் எழுப்பி கட்டின நகரம் இது. தெற்கு வாசல் பாலத்துல ஒரு பக்கம் 54 தேவர், ஒரு பக்கம் 54 அசுரர், நேத்து சுவர்ல பாத்த அதே பாற்கடல் இங்க முழு உருவமா. நிறைய தலைங்க இல்ல, திருட்டுலயும் போர்லயும் போனது போக சிலது புதுசா வச்சது. நடுவுல பேயோன், நாலு பக்கமும் சிரிக்கிற பெரிய பெரிய முகங்கள். முகத்தோட செல்பி எடுத்துட்டு ஓடிடாதீங்க, கீழ வெளிச்சுற்று சுவருக்கு வாங்க, சாமி கதை இல்லாம சாதாரண சனங்க வாழ்க்கை அங்கதான் இருக்கு: சந்தைல தராசு பிடிக்கிற பொம்பளை, சேவல் சண்டை, பேன் பாக்குறது, பிரசவம், பன்னியை கொதிக்கிற பானைக்குள்ள இறக்குறது, பக்கத்து சம்பா நாட்டு சாம்களோட படகுச் சண்டை. ஒரு ஆளு பின்னாடி ஆமை கடிக்கிறதும் உண்டு, அதை கண்டுபிடிக்கிறது உங்க பாடு. பேயோன்ல மேல ஏறுற படிங்க உயரம், அம்மா கீழ்ச்சுற்றோட நிறுத்திக்கலாம்.

தா ப்ரோம்தான் மரவேர் கோவிலை புடிச்சுகிட்டு நிக்கிற படத்துல எல்லாம் வர்றது. அதே ஜெயவர்மன் 1186ல தன் அம்மா நினைவா கட்டினது. அங்க கெடைச்ச கல்வெட்டுல கோவிலுக்குள்ள 12,640 பேர் இருந்தாங்கன்னு, நாடு பூரா 102 ஆஸ்பத்திரி இருந்துச்சுன்னு கணக்கே இருக்கு. இப்ப அங்க பராமரிப்பு வேலைல நம்ம இந்தியத் தொல்லியல் துறை இருக்கு, மரத்தை வெட்டினா சுவர் விழும், விட்டா மரமே சுவரை தள்ளும்ங்கிற இடத்துல முட்டு குடுத்து நிப்பாட்டி வச்சிருக்காங்க. இதே துறை 1986ல இருந்து 1993 வரைக்கும் அங்கோர் வாட்ல கல்லை ரசாயனம் போட்டு தேய்ச்சு கழுவினதுக்கு நல்லா வாங்கிக் கட்டிகிச்சு, ஆனா உலகத்துல வேற யாரும் எட்டிப் பாக்காத, போர் முடியாத காலத்துல போய் வேலை செஞ்சவங்களும் அவங்கதான், ரெண்டையும் சேத்துதான் பேசணும். தா ப்ரோம்ல வழி கரடுமுரடு, சில இடம் மரப்பாலம் போட்டிருக்காங்க, அம்மா களைச்சிருந்தா வண்டிலயே இருக்கட்டும், இல்லன்னா பக்கத்துல ஸ்ரா ஸ்ராங்னு பெரிய குளம், நம்ம தெப்பக்குளம் கணக்கா படித்துறை, மர நிழல், இளநீ கடை, அங்க உக்கார வச்சுட்டு நீங்களும் அப்பாவும் ஒரு சுத்து போய்ட்டு வாங்க.

கூலன் மலை, ஆத்துக்குள்ள ஆயிரம் லிங்கம் செதுக்கின க்பால் ஸ்பியன், இதெல்லாம் இந்த தடவை வேண்டாம், மலையேத்தம். என்னைக்காவது போனா பாதையை விட்டு காட்டுக்குள்ள இறங்கக்கூடாது, போர்க்காலத்து கண்ணிவெடி அந்த நாட்டுல இன்னும் முழுசா எடுத்து முடியல.

காசு டாலராவே செல்லும், மீதி சில்லறை அவங்க ஊர் காசு ரியெல்ல குடுப்பாங்க, ஒரு டாலருக்கு நாலாயிரம் ரியெல்னு மனசுல வச்சுக்கோங்க. டாலர் நோட்டு கொஞ்சம் கிழிஞ்சிருந்தாலோ கிறுக்கியிருந்தாலோ வாங்கவே மாட்டாங்க, சிங்கப்பூர்ல மாத்தும்போதே புது நோட்டா, சின்ன நோட்டா கேட்டு வாங்குங்க. கோவில் வாசல்ல சின்னப் புள்ளைங்க போஸ்ட் கார்டு விக்க வரும், பாவமாத்தான் இருக்கும், வாங்காதீங்க, வித்தா ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாங்க, அதே பொருளை பெரியவங்க கடைல வாங்குங்க. குரங்குங்க இருக்கு, கையில பிளாஸ்டிக் பை தெரியக்கூடாது, கருப்பட்டி இருந்தா கண்டிப்பா.

மாசம்னா நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும். ஜூன்ல இருந்து அக்டோபர் மழை, ஆனா பெரும்பாலும் மதியத்துக்கு மேல ஒரு ஆட்டம் போட்டுட்டு நின்னுடும், அகழி நிறைஞ்சு பாசி பச்சையா கோவில் அப்பத்தான் அழகு, கூட்டமும் கம்மி, கல்லு வழுக்கும்ங்கிறதுதான் அம்மாவுக்கு பிரச்சனை. ஏப்ரல் நடுவுல மட்டும் போகாதீங்க, அவங்களுக்கும் நம்ம சித்திரை ஒண்ணு சமயத்துலதான் புது வருஷம், ஊரே ரோட்ல தண்ணி பீச்சிகிட்டு ஆடும், ரூம் விலை ஏறிடும், வருஷத்துலயே உச்ச வெயில் அப்பத்தான்.